நட்சத்திரம் இட்ட வினை

நான்கு நாள் மழை. ஹப்புத்தளைக்கு ரயில் இல்லை.
மண் சரிந்த இடத்தில் தண்டவாளம்
காற்றில் தொங்குகிறதாம்.
விடுதியில் மிஞ்சியவள் ஒருத்திதான்:
மோய்ட்சா, சுலோவேனியாக்காரி.
கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு,
மடியில் ஓர் அகராதியின் திருத்தப்படி.
நான் அறைகளில் விரிப்பு மாற்றுகிறவள்.
அதற்கு முன் இரண்டு வருஷம்
மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து.

சன்னலுக்கு வெளியே காட்டிக் கேட்டாள்:
அவர்கள் செய்வதற்கு உன் மொழியில் என்ன வினை?
எடு, என்றேன். கொழுந்து எடுக்கிறார்கள்.
எங்களூரில் ப்ராத்தி, என்றாள்.
திராட்சையை, செர்ரியை.
பிறகு மடித்தாளைத் தட்டி,
இதுவும் ப்ராத்திதான். வாசிப்பது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இரண்டிலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளாமல்
முற்றலையும் சேர்த்துப் பிடுங்குகிற வாசகர்
எத்தனை பேர் இருப்பார்கள்.

அந்தத் தாளில் சொல் பெரிய குடும்பமாக இருந்தது.
ரஷ்யாவிலும் போலந்திலும் அது
எடுத்துக்கொள்ளப் போய்விட்டது.
பல்கேரியாவில் இன்னும்
ரோஜாச் செடிக்குள் குனிந்து நிற்கிறது.
எல்லோருக்கும் தாய் மேலே, தனியாக,
தலையில் ஒரு நட்சத்திரத்தோடு.
அவளுக்குள் ஓர் இகரம், மாத்திரை குறைந்தது,
நம் குற்றியலிகரம் போல.
பிள்ளைகள் வாயில் அது உதிர்ந்தே போனது.

நட்சத்திரம் எதற்கு?
யாரும் எழுதி வைக்கவில்லை என்பதற்கு.
பிள்ளைகளின் சாடை பார்த்து
ஊகித்த முகம் என்பதற்கு.

அப்படி எனக்கும் ஒருத்தி உண்டு.
மன்னார்ப் பாதையில் நடந்து வந்தவள்.
பதிவேட்டில் கூலி, பெண், ஒன்று.
அக்காவின் முன்பல் இடைவெளியும்
என் கோபமும் அவளுடையதாக இருக்கலாம்.
இதை மோய்ட்சாவிடம் சொல்லவில்லை.
ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அவள் இன்னொரு படி ஏறினாள்.
அந்தத் தாய்க்கும் ஒரு தாய்,
அவளுக்கும் நட்சத்திரம்.
பொருள்: சுமத்தல்.
ரஷ்யாவில் கர்ப்பிணியின் பெயர்கூட
அங்கிருந்துதான். பாரம் உள்ளவள் என்று.
இந்தியாவிலும் ஒரு கிளை இருக்கிறது, என்று
விரலை ஓட்டி வாசித்தாள்: பார.

பாரமா?
அது வடமொழி வழியாக வந்து
எங்கள் கூடையில் ஏறிய சொல்.
லொறிக்காரர் சுமித் சாக்கைத் தூக்கும்போதெல்லாம்
'ஹரி பர' என்று முனகுவார்.
நாங்கள் 'பாரம் பாரம்' என்போம்.
நிறுவைக் கொட்டகையில் இத்தனை வருஷமும்
ஒரே சொல்லைத்தான் ஆளுக்கொரு முனையில்
பிடித்துத் தூக்கியிருக்கிறோம்.

எடு மட்டும் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை.
பெண் எடு, பெயர் எடு, பசியெடு என்று
அது தன்பாட்டில் இங்கே படர்ந்தது.
அதையும் சொன்னேன், கொஞ்சம் கர்வமாகவே.
அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

அக்கா யோகமலருக்கு ஏழாம் மாதம்.
தராசு முள் பத்தொன்பதில் நின்றதைப் பார்த்தாள்.
துண்டில் பதினேழு.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று
என்று வாயால் சொன்னார்களாம்.
பதினெட்டு இருந்தால் முழுப்பேர்.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.

ஐந்தாம் நாள் ரயில் ஊதியது.
மோய்ட்சா பென்சிலை மறந்துவிட்டுப் போனாள்.
இரவு அக்காவின் துண்டை வாங்கி
பதினேழுக்குப் பக்கத்தில்
இரண்டு என்று எழுதி
அதன் தலையில் நட்சத்திரம் போட்டேன்.

என்னடி இது?
எழுதாதது. ஆனால் சுமந்தது.

அக்கா முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு பெட்டியைத் திறந்து
போன வருஷத்துத் துண்டுகளையும்
கட்டோடு எடுத்து வைத்தாள்.